பூச்சி அண்டாத மரம்

காரைக்கால்
3-8-1982

நானாவுக்கு ஆரிபா சலாம் சொல்லி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று இந்தத் தடவை எழுதப்போவதில்லை. உம்மா மௌத்தாகி இரண்டரை வருடமாக அந்த ஒரு வரியைத்தான் நாம் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். இது காரியக் கடிதம். தம்மாமில் பெரிய கம்பெனியின் தச்சுப் பட்டறைக்கு நீங்கள்தான் ஃபோர்மேன் என்று ஊரே பேசுகிறது. அதனால் மரத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். பதில் வந்தால் போதும், நீங்கள் வரவேண்டாம்.

வீட்டில் ஒரு ஆமை இருக்கிறது. சிரிக்காதீர்கள். போன மாதம் கருப்பையன் கோடிக்கரைப் பக்கமிருந்து விறகு கொண்டுவந்து இறக்கினான். கட்டுக்கு அடியில் இது கிடந்தது. கையகலம்தான் இருக்கும். முதுகு முழுக்க மஞ்சள் நட்சத்திரம். தூக்கிக் குளத்தில் போட்டுவிடு என்றேன். "இது தண்ணி ஆமை இல்ல, முழுவிப் போயிடும்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வாப்பா.

உம்மா போனதிலிருந்து வாப்பா ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். தண்ணி, போதும், ம், விளக்க அமத்து. அவ்வளவுதான். இப்போது இந்த ஆமையிடம் காலையிலிருந்து பேசுகிறார். ருவா என்று கூப்பிடுகிறார். சைகோனில் ஆமைக்கு அதுதான் பேராம். அங்கிருந்த கடையை விட்டுக் கப்பலேறி ஆறு வருடமாகிறது, அந்த ஊர்ப் பேச்சு அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. முருங்கைக்கீரையை உருவிப் போட்டுவிட்டு, அது தின்னுகிறவரை குந்தியிருக்கிறார். பிறகுதான் தானும் சாப்பிடுகிறார்.

அதற்கு ஒரு வீடு வேண்டும். தச்சுவேலை சவரிநாதனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கடற்கரையில் உடைத்துப் போட்ட படகுப் பலகையை வைத்து ஒரு கூண்டு அடித்துக்கொடுத்தார். முன்பக்கம் கோழிவலை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் துண்டு. பலகையில் தார் அப்பியிருந்தது. வெயில் ஏற ஏற நாற்றம். மூன்றே நாளில் ஆமையின் கண்ணில் நீர் வடிந்தது, வலையில் முட்டி முட்டி மூக்குத் தோல் உரிந்துவிட்டது. வாப்பா கூண்டை உதைத்துத் தள்ளிவிட்டு ஆமையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எந்த மரத்தில் செய்தால் அதற்குக் கெடுதல் வராது? அது மட்டும் எழுதுங்கள்.

ஆரிபா


தம்மாம்
21-8-1982

அன்புத் தங்கச்சி ஆரிபாவுக்கு நூர் அகமது எழுதுவது. சலாம்.

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். காரியம் என்று கேட்டிருக்கிறாய், காரியத்தையே எழுதுகிறேன்.

தார்ப் பலகையை உடனே அப்புறப்படுத்து. அடுப்பில் வைத்துவிடாதே, அந்தப் புகையும் ஆகாது. தார் இல்லாவிட்டாலும் படகுப் பலகை வேண்டாம். அதற்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசியிருப்பார்கள். நம் கையே அதில் கொப்புளித்துப் போகும். பெயிண்ட், வார்னிஷ் எதுவும் கூடாது, வாய் வைக்கிற ஜீவன். பிளைவுட்டும் வேண்டாம், மழைக்கு ஒட்டு விட்டு நாறும். சிமெண்டுத் தரை புதுசாக இருக்கும்போது காலை அரிக்கும், இங்கே எங்கள் எல்லாருடைய காலையும் வந்து பார். தரை மண்ணாகவே இருக்கட்டும். ஆணி அடிக்காமல் பலகைக்குப் பலகை வெட்டிக் கோக்கச் சொல்.

கோழிவலையையும் எடுத்துவிடு. எதிரே வெளிச்சம் தெரிந்தால் எந்த ஜீவனும் முட்டிக்கொண்டுதான் இருக்கும். நாலு பக்கமும் மூடிய பலகையாக இருந்தால் அதுதான் உலகம் என்று அடங்கிவிடும். கேம்ப்பில் இருக்கிற எங்களுக்குத் தெரியாததா இது.

இனிமேல்தான் சிக்கல். நம் கொல்லையில் எந்த மரத்தை வைத்தாலும் இரண்டு மாதத்தில் கரையான் ஏறும். உடனே மச்சான் வயலுக்கு வாங்கிய பி.எச்.சி. பூச்சிமருந்துப் பவுடரைக் கொண்டுவந்து தூவுவார். கீரையோடு அதையும் சேர்த்துத் தின்றால் ஆமை பிழைக்காது. ஆகவே பவுடரே தேவைப்படாத மரமாக இருக்க வேண்டும். வேம்பு, தேக்கு, பலா எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். ஊரில் இன்று கிடைப்பது எதுவும் நன்றாகக் காய்ந்த மரம் இல்லை.

வீட்டில் ஒன்று இருக்கிறது. உம்மாவின் கற்பூர மரப் பெட்டி. சைகோனில் சீனக்காரன் கடையில் வாப்பா வாங்கியது. முப்பது வருடம் காய்ந்த பலகை, பெயிண்ட் கிடையாது, ஒரு ஆணி கிடையாது. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது வாப்பா என்னை அதன்மேல் உட்கார வைத்து, "இதுல பூச்சி அண்டாதுடா" என்று தட்டிக் காட்டியது இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதைப் பிரித்துச் செய்யுங்கள். உள்பக்கம் லேசாக இழைத்துவிட்டால் புதுப்பலகை மாதிரி ஆகிவிடும்.

நான் சொன்னதாக வாப்பாவிடம் சொல்லாதே. சவரிநாதன் சொன்னதாக இருக்கட்டும்.

நூர் அகமது


காரைக்கால்
11-9-1982

நானாவுக்கு.

மரம் கேட்டால் உம்மாவைக் கேட்கிறீர்கள்.

அந்தப் பெட்டி எனக்கு என்று உம்மா வாயால் சொன்னது. உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கல்யாணச் சேலை, தொழுகைத் துணி, கடைசியாகப் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டி. மாதம் ஒரு தடவை திறந்து மடிப்பு மாற்றி வைக்கிறேன். திறந்த உடனே வரும் அந்த வாசம்தான் எனக்கு உம்மா. உம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் நீங்கள் வரவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கும் வரவில்லை. பெட்டியை உடைக்கவாவது நேரில் வரக்கூடாதா? அதற்கும் தபால்தானா?

உங்கள் மச்சானிடம் சொன்னேன். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க. ஆமை வந்தாச்சு, அமீனாவுக்கு நாற்காலி எடுத்துப் போடு" என்றார். அவருக்கு எல்லாமே கேலி. ஆனால் வாப்பா பேச ஆரம்பித்ததிலிருந்து அவரும் கடையிலிருந்து வரும்போது வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு வருகிறார். கேட்டால் தனக்கு என்கிறார்.

நான் பெட்டியைத் தரமாட்டேன். வேறு மரம் இருந்தால் எழுதுங்கள்.

ஆரிபா

இதை ஒட்டுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. தெரு நாய் உள்ளே வந்து ஆமையைக் கவ்விவிட்டது. ஓட்டின் ஓரத்தில் ஒரு பல் ஆழத்துக்குச் சில்லு போய்விட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை. வாப்பா வெறும் கையால் நாயின் வாயைப் பிளந்திருக்கிறார். கையில் கட்டுப் போட்டிருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது தூங்குகிறபோதும் அதைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.


தம்மாம்
1-10-1982

ஆரிபாவுக்கு.

நீ கேட்டதற்கு இன்றுவரை நான் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உம்மா மௌத்தான தந்தி என் கையில் கிடைத்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. நாங்கள் பாலைவனத்தில் வேலையில் இருந்தோம். இனிப் போய் யார் முகத்தைப் பார்ப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். வாப்பாவின் முகம் இருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை. பிறகு "அவன் வரவேண்டாம்னு எழுது" என்று வாப்பா சொன்னதாக நீ எழுதினாய். அதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன். லீவு வந்தபோதெல்லாம் இங்கேயே கிடந்தேன்.

பெட்டி உன்னுடையது. முடிவும் உன்னுடையது. ஆனால் யோசித்துப் பார். உம்மா உயிரோடு இருந்து, வாப்பா கட்டிய கையோடு ஆமையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருந்தால், துணியையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுத் தானே உளியை எடுத்துவந்திருப்பாள். எனக்குத் தெரிந்தவரை அதைவிட நல்ல மரம் கிடையாது. மரத்தில் நான் தப்புச் சொன்னதில்லை.

நூர் அகமது


காரைக்கால்
26-10-1982

அன்புள்ள நானாவுக்கு ஆரிபா சலாம்.

ஜெயித்துவிட்டீர்கள்.

சவரிநாதன் வந்தார். பெட்டியைத் தொடப் போனவரை வாப்பா தடுத்து, "உளிய இங்க குடுங்க" என்றார். தானே பிரித்தார். பலகை பலகையாக ஆணி இல்லாமல் கழன்று வந்தது, பூப்போல. துணிகளை நான் அலமாரியில் வைத்துவிட்டேன். நாலு நாள் வேலை. சவரிநாதன் அறுத்துக் கொடுக்க, வாப்பா உள்பக்கம் முழுவதையும் இழைத்தார். நானா, இழைக்க இழைக்க வந்த வாசத்தைச் சொல்லி முடியாது. கூடம், அடுப்படி, எதிர்வீடு வரைக்கும் உம்மாதான். வாப்பா சுருள் சுருளாக விழுந்த சீவலை அள்ளி மோந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் வேலையை விட்டுவிட்டு அழுதேன். நல்ல அழுகைதான்.

மூன்றரை அடி நீளம், இரண்டேகால் அடி அகலம். நீங்கள் எழுதியபடி நாலு பக்கமும் மூடிய பலகை. மேலே தூக்குகிற மூடி. மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே கூடத்திலேயே வைத்து, அடியில் ஆற்று மணல் பரப்பியிருக்கிறோம். மீந்த சீவலை ஒரு மூலையில் மெத்தை மாதிரிப் போட்டுக் கொடுத்திருக்கிறார் வாப்பா. கரையானும் இல்லை, எறும்பும் இல்லை. பவுடருக்கு வேலையே இல்லை.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். உங்கள் பேச்சை மீறிவிட்டேன். "சவரிநாதனுக்கு நல்ல யோசனை" என்று வாப்பா சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. "நானா எழுதினது வாப்பா. பூச்சி அண்டாத மரம்னு நீங்க சொன்னத ஞாபகம் வச்சு எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவனுக்கு மரம் தெரியும்" என்றார். சாப்பிடும்போது திடீரென்று, "அங்க அவனுக்கு என்ன சோறு போடுறானுவ?" என்று கேட்டார்.

என்ன சோறு போடுகிறார்கள் நானா? எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

ஆரிபா


தம்மாம்
31-10-1982

ஆரிபா,

அவசரம். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பெட்டியைப் பிரித்தாயா இல்லையா தெரியவில்லை. பிரிக்கவில்லை என்றால் தொடாதே. உன் பிடிவாதம் இந்த ஒரு தடவை ஜெயிக்கட்டும். பிரித்துச் செய்துவிட்டிருந்தால் இதைப் படித்த நிமிடமே ஆமையை வெளியே எடுத்துவிடு. மணலையும் மாற்று. தகர டப்பாவில் வை, கூடையில் வை, எதில் வேண்டுமானாலும் வை.

நேற்று பட்டறைக்கு ஒரு டச்சு இன்ஜினியர் வந்தார். பாலைவனத்து உடும்பு ஒன்றை வளர்க்கிறார், அதற்குப் பெட்டி வேண்டும் என்றார். பார்சல் பெட்டியிலிருந்து கழற்றிய கற்பூரப் பலகை இருந்தது. நானே பெருமையாக எடுத்துக் காட்டினேன், இதில் பூச்சி அண்டாது என்று. அவர் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். வாசம் அடிக்கிற மரம் எதுவும் இந்த ஜாதிக்கு ஆகாதாம். மூடிய இடத்தில் அந்த வாசமே கண்ணையும் நெஞ்சையும் அரித்து மெள்ள மெள்ளக் கொன்றுவிடுமாம். இழைத்த புதுப்பலகை இன்னும் மோசமாம். இழைக்கச் சொன்னவனும் நான்தான்.

கரப்பான் சாகிற மரத்தில் அது மட்டும் எப்படிப் பிழைக்கும்? இருபது வருடம் உளி பிடித்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா.

தந்தி ஆபீஸ் வரைக்கும் போனேன். ஃபாரத்தையும் கையில் வாங்கிவிட்டேன். நம் வீட்டுக்குத் தந்தி வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். தந்திக்காரன் வாசலில் நின்றாலே நான் மௌத்தாகிவிட்டேன் என்று வாப்பா நினைப்பார். பிரித்துப் படிப்பதற்குள் அவருக்கு என்னவாவது ஆகிவிட்டால்? திரும்பி வந்துவிட்டேன். குரும்பகரத்து உத்திராபதி நாளை மறுநாள் பிளேன் ஏறுகிறார். தபாலுக்கு முந்தி ஐந்தாம் நாள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இதை அவரிடம் கொடுக்கிறேன்.

ஆமை நன்றாக இருந்தால் வாப்பாவுக்கு இது எதுவும் தெரியவேண்டாம். கரையான் வந்துவிட்டது என்று சொல்லிப் பெட்டியை மாற்றிவிடு.

நூர் அகமது


தம்மாம்
13-11-1982

ஆரிபா,

உன் கடிதம் இன்று கிடைத்தது. வாப்பா கேட்டதை நாலு தடவை படித்தேன். எவ்வளவு காலமாகக் காத்திருந்த ஒரு வரி. சந்தோஷப்பட முடியவில்லை.

உத்திராபதி வந்தாரா? ஆமையை வெளியே எடுத்துவிட்டாயா? அதை மட்டும் எழுது.

நூர் அகமது


காரைக்கால்
8-12-1982

அன்புள்ள நானாவுக்கு ஆரிபா எழுதுவது.

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. தபாலில் வந்தது நவம்பர் முப்பதாம் தேதி. உத்திராபதி கையில் வந்தது அதற்கு மறுநாள். பம்பாயில் அவருக்குக் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் படுத்துவிட்டாராம். பாதி உடம்பாகத்தான் வந்து நின்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ருவா நவம்பர் இருபத்திரண்டு அன்றே போய்விட்டது.

மழை ஒன்பது நாள் விடாமல் பெய்தது. முதலில் கீரையை மோந்துவிட்டு விட்டுவிட்டது. பிறகு கண் இரண்டும் ஒட்டிக்கொண்டது. மூக்கில் நுரை. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. குளிர் பிடித்துவிட்டது என்றார் வாப்பா. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. மூடியைச் சாத்தி, அதன்மேல் சாக்கைப் போட்டார். அதற்கும் மேலே தன் கம்பளியைப் போட்டார். காற்றுப் போகக் கூடாது என்று இடுக்கிலெல்லாம் துணி அடைத்தார். ராத்திரியும் பகலும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடந்தார். நானும்தான் சாக்கு எடுத்துக் கொடுத்தேன் நானா.

அது போன பிறகும் வாப்பா தாங்கிக்கொண்டார். "குளிருக்கு நாம என்ன பண்ணுறது" என்றார். முருங்கை மரத்தடியில் தானே குழி வெட்டிப் புதைத்தார். இரண்டு நாள் கழித்து, "நூருக்கு எழுதிட்டியா? சோறு என்ன போடுறானுவன்னு கேட்டியா?" என்று மறுபடி கேட்டார். உங்கள் தபால் கடிதம் வந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்காக வெளியே எடுக்கச் சொல்கிறீர்கள் என்று யோசித்தேன். வாப்பாவிடம் காட்டவில்லை.

மறுநாள் நான் கோட்டுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். உங்கள் மச்சான் கடையில். உத்திராபதி வந்தபோது வாப்பா மட்டும்தான் இருந்திருக்கிறார். "உங்க மகன் கொடுத்தனுப்பினாரு" என்று கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உறையில் என் பெயர்தான் இருந்தது. ஆனாலும் மகன் கொடுத்தது என்றதும் பிரித்துவிட்டார். இத்தனை நாள் உங்கள் கடிதம் வந்தால் தொடாமல் என் பக்கம் தள்ளுகிறவர், முதல் தடவையாகப் பிரித்த கடிதம் அது.

நான் வந்தபோது பூதக்கண்ணாடி கடிதத்தின் மேலேயே இருந்தது. அவர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. உங்களைத் திட்டப்போகிறார், மறுபடியும் எல்லாம் முறிந்தது என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "அவன் மேல தப்பு இல்லம்மா. பூச்சி அண்டாதுன்னு சின்னப் புள்ளையில அவனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். பூச்சியக் கொல்லுற மரம்னு சொல்லியிருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் இழைச்சேன். நான்தான் மூடினேன்" என்றார். அன்றிலிருந்து திரும்பவும் தண்ணி, போதும், ம் என்று ஆகிவிட்டது. இப்போது சோறும் பாதிதான்.

தந்தி வந்திருந்தால் வாசலிலேயே விழுந்து அழுதிருப்பேன். பிரித்துப் பார்த்து, ஆமைக்கா தந்தி என்று சிரித்திருப்பேன். வாப்பாவுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது நானா. உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. மனதில் இருந்தது, எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

பிரித்த பலகைகளை வாப்பா கழுவிக் காயவைத்தார். சவரிநாதனை வரச்சொல்லி, எல்லாவற்றையும் ஒரே அளவாக, இரண்டேகால் அடிக்கு அறுக்கச் சொன்னார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம், அறுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அளவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கபுர்க் குழியில் மய்யித்துக்கு மேலே குறுக்கே அடுக்கி, பிறகு மண்ணைத் தள்ளுவார்களே, அந்தப் பலகையின் அளவு. ஒன்பது பலகை. தேங்காய்க் கயிற்றால் ஒரே கட்டாகக் கட்டித் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருக்கிறார்.

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எதுக்கு அழுவுற? மண்ணுக்குள்ள இது நல்ல மரம்தான். உங்க உம்மா வாசமும் கூட வரும்" என்றார். பிறகு, "அவனுக்கு எழுது. மரம் வீணாவலைன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

அவர் கேட்ட சோறு விஷயத்தைத் தபாலில் எழுதவேண்டாம். முதல் கடிதத்தில் உங்களை வரவேண்டாம் என்று எழுதியவள் நான்தான், அதை அழித்துவிடுங்கள். பலகை கட்டிலுக்கு அடியில் இருக்கும்போதே வந்துவிடுங்கள் நானா.

ஆரிபா